மக்கள் திலகத்துக்கு மூன்று ஆண்டு தந்த சிறுநீரகம்

பொன்விழா மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். மார்க்க அறிஞர் ஒருவரையோ, சமுதாயத் தலைவர் ஒருவரையோ எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவர்களைப் பற்றி எழுத நம்மைவிடத் தகுதியானவர்கள் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நாம் மாசாய் பக்கம் தண்ணீர் வடிகட்டியும் பம்பு உதிரிப்பாகமும் விற்கும் வியாபாரி. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவர். நமக்குத் தெரிந்த ஒன்றை, நம் வீட்டில் பட்டு அறிந்த ஒன்றை எழுதினால்தான் அதில் உண்மை இருக்கும் என்று நினைத்தோம். ஆகவே எம்.ஜி.ஆரை எடுத்துக்கொண்டோம்.

எம்.ஜி.ஆரின் சினிமாவும் அரசியலும் எல்லோருக்கும் தெரியும். அவருடைய சிறுநீரகத்தின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் சங்கத்து வீடுகளுக்கு இன்று வேண்டியது அந்தக் கதைதான்.

நாவலப்பிட்டியிலிருந்து கோடம்பாக்கம் வரை

1917 ஜனவரி 17 அன்று இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் மருதூர் கோபாலமேனன் ராமச்சந்திரன் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாயார் சத்தியபாமா, மூத்த மகன் சக்கரபாணியையும் இளைய மகன் ராமச்சந்திரனையும் அழைத்துக்கொண்டு தாயகம் திரும்பி, கும்பகோணத்தில் குடியேறினார். பிள்ளைகளுக்கு இரண்டு வேளைச் சோறு போடுவதே அந்தத் தாய்க்குப் பெரும் பாடாக இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்கள். அங்கே சேர்ந்தால் சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் முதல் காரணம்.

1936-ல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ படத்தில் சிறிய வேடத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். இந்தப் படத்தின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும். கதாநாயகனாக ஆவதற்கு 1947-ல் வந்த ‘ராஜகுமாரி’ வரை, பதினோரு ஆண்டுகள் காத்திருந்தார். ‘மலைக்கள்ளன்’, ‘மதுரை வீரன்’, ‘நாடோடி மன்னன்’ என்று அடுத்தடுத்து வெற்றிகள் வந்தன. 130-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

1956-ல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். நம் அத்தா இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. கடையை அடைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து, வீடியோ கேசட்டைப் போட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வசனத்தை நடிகருக்கு முன்னாலேயே சொல்லுவார். 1973-ல் வந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தின் சில காட்சிகள் நமக்கு அக்கரையில் இருக்கும் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டவை. அதை அத்தா நம் ஜொகூருக்குக் கிடைத்த பெருமையாகவே சொல்லிக்கொள்வார். நாம் பிறந்தபோது எம்.ஜி.ஆர். காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் நம் பிள்ளைப்பருவத்தில் வீட்டில் இன்னொரு பெரியப்பா இருப்பதுபோல அவர் இருந்தார்.

அடிபட்டும் எழுந்த உடம்பு

எம்.ஜி.ஆர். உடம்பைப் பேணியவர். கத்திச்சண்டை, சிலம்பம், குஸ்தி எல்லாம் பயின்றார். தினமும் உடற்பயிற்சி செய்தார். குடியும் புகையும் திரையிலும் வேண்டாம் என்று வைத்திருந்தார். 1959-ல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகம் நடந்தபோது கால் முறிந்தது. இனி சண்டைக் காட்சிகளில் நடிக்க முடியுமா என்று ரசிகர்கள் கலங்கினார்கள். தேறி வந்து மீண்டும் நடித்தார். 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் தப்பினார், குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. கழுத்தில் கட்டுடன் படுத்திருந்த படமே சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அந்தத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் படுக்கையில் இருந்தபடியே வெற்றி பெற்றார்.

1972-ல் தனிக் கட்சி கண்டார். 1977 ஜூன் 30 அன்று தமிழக முதலமைச்சரானார். 1982 ஜூலை 1 அன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கான சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கும்பகோணத்தில் தான் பட்ட பசியை எந்தப் பிள்ளையும் படக்கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

இத்தனை அடிகளையும் தாங்கிய அந்த உடம்பில், வெளியே தெரியாத ஒரு பகை குடியிருந்தது. அதன் பெயர் நீரிழிவு. நம் மலேசியாவில் இனிப்பு நீர் என்று சொல்கிறோம். குண்டடி பட்டால் ரத்தம் வரும், கால் முறிந்தால் வலிக்கும், ஊர் முழுக்கத் தெரியும். இனிப்பு நீர் சிறுநீரகத்தைக் கெடுக்கும்போது ரத்தமும் வராது, வலியும் இருக்காது. அது எப்படி என்று புரிய, சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வடிகட்டி என்பது பாதி உண்மை

சிறுநீரகத்தை வடிகட்டி என்று எல்லோரும் சொல்கிறார்கள். வடிகட்டி விற்பவர் என்ற முறையில் நாம் சொல்கிறோம், அது பாதிதான் உண்மை. நம் கடை வடிகட்டி அழுக்கைப் பிடித்துக்கொண்டு நல்ல தண்ணீரை வெளியே விடும். சிறுநீரகம் அப்படியே தலைகீழ். முதலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே எடுத்துக்கொள்ளும்.

விலா எலும்புகளின் கீழே, முதுகுப் பக்கமாக, கைமுஷ்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 150 கிராம் அளவு எடைதான். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த இரண்டுக்கும் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. நெஃப்ரான் என்பது மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களின் சிறிய பந்தும் அதிலிருந்து புறப்படும் நீண்ட குழலும் சேர்ந்தது.

ரத்தம் அந்தப் பந்துக்குள் அழுத்தத்தோடு வரும்போது, ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளே தங்கிவிடும். தண்ணீர், உப்பு, சீனி, கழிவு எல்லாம் குழலுக்குள் வடிந்துவிடும். ஒரு நாளில் இப்படி வடியும் நீர் சுமார் 180 லிட்டர். நம் கடையில் அடுக்கி வைத்திருக்கும் 20 லிட்டர் தண்ணீர் புட்டிகளில் ஒன்பது புட்டி. அதோடு ஒன்றரைக் கிலோ அளவுக்கு உப்பும் போகும். அத்தனையும் வெளியேறினால் மனிதன் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டான். குழல் நெடுகிலும் இருக்கும் செல்கள் அந்த நீரில் 99 விழுக்காட்டைத் திரும்ப ரத்தத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. உப்பில் சில கிராம் தவிர மற்றதும் திரும்பி வருகிறது. கடைசியில் சிறுநீராகப் போவது ஒன்றரை லிட்டர் அளவுதான்.

எவ்வளவு எடுக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்ற கணக்குதான் இதில் பெரிய வேலை. நல்ல வியாபாரி இரவில் கல்லாவை மூடுமுன் வரவு செலவு பார்ப்பதுபோல, சிறுநீரகம் நொடிக்கு நொடி பார்க்கிறது. நோன்பு காலத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஜொகூரில் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. வெயிலில் வியர்க்கிறது. ரத்தத்தில் உப்பின் செறிவு சற்று ஏறியதும் மூளை அதை உணர்ந்து தாகத்தை உண்டாக்குகிறது. கூடவே மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்துக்கு வந்து சேர்ந்ததும், குழலின் கடைசிப் பகுதியில் தண்ணீர் போகும் வாசல்கள் திறந்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் உடம்புக்குத் திரும்புகிறது. அஸர் நேரத்தில் சிறுநீர் குறைந்து, அடர் மஞ்சளாகப் போவது இதனால்தான். நோன்பு திறந்து, இரண்டு குவளை தண்ணீரும் கஞ்சியும் உள்ளே போனதும் அந்த ஹார்மோன் குறைகிறது. வாசல்கள் மூடுகின்றன, மிச்சத் தண்ணீர் வெளியே போகிறது.

உப்புக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ரத்த அழுத்தம் இறங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடுகிறது. அதன் தொடர்ச்சியாக அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் வந்து, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும், அழுத்தம் ஏறும். ரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இவை போதாதென்று, பொட்டாசியத்தின் அளவைக் காப்பது, ரத்தத்தில் அமிலம் ஏறாமல் பார்ப்பது, சிவப்பணு உண்டாக எலும்பு மஜ்ஜைக்குத் தூது அனுப்புவது, வைட்டமின் டியைப் பயன்படும் நிலைக்கு மாற்றுவது ஆகிய வேலைகளும் சிறுநீரகத்தின் தலையில்தான்.

இனி சீனிக்கு வருவோம். நல்ல உடம்பில், குழலுக்குள் வடிந்த சீனி முழுவதும் திரும்ப எடுக்கப்பட்டுவிடும். ரத்தத்தில் சீனி அளவு ஏறத்தாழ 10-ஐத் தாண்டினால், நம் கிளினிக்குகளில் சொல்லும் கணக்கில், எடுக்கும் செல்களால் ஈடுகொடுக்க முடியாது. மிஞ்சிய சீனி சிறுநீரில் போகும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அடிக்கடி தாகம். இனிப்பு நீர் என்ற பெயர் அதனால்தான் வந்தது. பல ஆண்டுகள் சீனி கூடுதலாகவே இருந்தால், வடிக்கும் பந்துகள் தடித்துத் தழும்பேறுகின்றன. தங்க வேண்டிய புரதம் கசியத் தொடங்குகிறது. ஒரு நெஃப்ரான் போனால் பக்கத்தில் இருப்பது அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். அதனால் பாதிக்கு மேல் போன பிறகும் மனிதனுக்கு ஒன்றும் தெரியாது. பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்போதுதான் பலருக்குக் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, வாந்தி வருகிறது.

1984

எம்.ஜி.ஆருக்கு அந்த நேரம் 1984 அக்டோபரில் வந்தது. அக்டோபர் 5 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. அங்கே இருக்கும்போதே பக்கவாதமும் தாக்கியது. அந்த மாதத்தின் நடுவில் பிரதமர் இந்திரா காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்டோபர் 31 அன்று அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் மக்கள் கோவில், பள்ளிவாசல், தேவாலயம் என்று எல்லா இடத்திலும் முதல்வருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். நவம்பர் 5 அன்று சிறப்பு விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள டௌன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே சிறுநீரகத் துறையின் தலைவராக இருந்தவர் டாக்டர் எலி ஃபிரீட்மன்.

அந்த நாளில் மருத்துவம் எங்கே நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் போனால் மரணம் என்ற நிலையை முதலில் மாற்றியவர் நெதர்லாந்தின் வில்லெம் கோல்ஃப். போர்க்காலத்தில், 1943-ல், தொத்திறைச்சி உறைக்குப் பயன்படும் செல்லஃபேன் குழாயை உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். 1954-ல் பாஸ்டனில் இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள். இந்தியாவில் 1971-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வெற்றிகரமான மாற்று நடந்தது. நம் மலேசியாவில் 1975-ல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. பிறர் உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1983-ல். எம்.ஜி.ஆர். புரூக்ளின் போனது அதற்கு அடுத்த ஆண்டு.

டயாலிசிஸ் இயந்திரம் வாரத்துக்கு மூன்று முறை, நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். சிறுநீரகமோ நாள் முழுக்க, தூங்கும்போதும் கணக்குப் பார்க்கும். அதனால்தான் தகுதியான நோயாளிக்கு மாற்றுச் சிறுநீரகம் மேலானது என்கிறார்கள். ஆனால் யார் கொடுப்பது?

கொடுத்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள். அவருடைய பெயர் லீலாவதி. சித்தப்பாவின் முதல் படத்தின் பெயரும் அதுதான். கும்பகோணத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பசியோடு நடந்த இரண்டு பிள்ளைகளில், மூத்தவருடைய மகளின் சிறுநீரகம் இளையவருடைய உடம்பில் 1984 டிசம்பரில் பொருத்தப்பட்டது.

அந்த மாதமே தமிழ்நாட்டில் தேர்தல். எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் வேட்பாளர். அவர் உயிரோடு இல்லை என்றுகூட வதந்தி பரவியது. புரூக்ளினில் எடுத்த வீடியோ படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். 1967-ல் நடந்ததே மீண்டும் நடந்தது. படுக்கையில் இருந்தபடியே வென்றார். 1985 பிப்ரவரி 4 அன்று சென்னை திரும்பினார். 10-ம் தேதி மூன்றாவது முறையாக முதல்வர் பதவி ஏற்றார்.

அதன் பிறகு அவர் பழைய எம்.ஜி.ஆர். இல்லை. பேச்சு தடைப்பட்டது, உடல் தளர்ந்தது, சிகிச்சைக்காக மீண்டும் அமெரிக்கா போய்வர வேண்டியிருந்தது. 1987 டிசம்பர் 24 அன்று ராமாவரம் தோட்டத்தில் காலமானார். அந்தச் சிறுநீரகம் அவருக்குத் தந்தது மூன்று ஆண்டுகள். மறுஆண்டு இந்திய அரசு பாரத ரத்னா விருது அளித்தது. தமிழ்நாட்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

கொடுத்தவர் என்ன ஆனார் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சிறுநீரகத்தோடு லீலாவதி கிட்டத்தட்ட 37 ஆண்டுகள் வாழ்ந்தார். 2021-ல்தான் காலமானார். ஒன்றை எடுத்த பிறகு, மிஞ்சிய ஒன்று சற்றுப் பெரிதாகி, வேலையைக் கூட்டிக்கொள்கிறது. நல்ல ஆரோக்கியம் உள்ளவரை, முறையாகச் சோதித்த பிறகுதான் மருத்துவர்கள் கொடையாளியாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டில்

லீலாவதியின் கதையை நமக்கு முதலில் சொன்னவர் அத்தாதான். எம்.ஜி.ஆர். ரசிகராகச் சொன்னார். நாம் சின்னப் பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அத்தாவுக்கு இனிப்பு நீர் இருந்தது நாற்பது வயதிலிருந்து. மாத்திரை உண்டு. ஆனால் கடையில் நின்றபடி நாளுக்கு ஐந்தாறு தே தாரிக்கும் உண்டு. சோதனைக்குப் போவதில்லை. வலி இல்லையே, எதற்கு என்பார். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று செருப்பு காலுக்குள் நுழையவில்லை. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அடுத்த வாரம் டயாலிசிஸ் தொடங்கியது.

டயாலிசிஸ் எடுப்பவருக்குப் பெரிய சோதனை தாகம். சிறுநீர் போகாதவருக்குக் குடித்த தண்ணீர் எல்லாம் உள்ளேயே நிற்கும். கூடினால் நுரையீரலில் சேரும். அத்தாவுக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்தான். மகன் தண்ணீர் வடிகட்டி விற்கிறான், கடை முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, அத்தா மூலையில் உட்கார்ந்து ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். நோன்பு பிடிக்க முடியாமல் ஃபித்யா கொடுத்தபோதுதான் அவர் அழுது நாம் பார்த்தோம்.

நம் சிறுநீரகத்தைக் கொடுப்பதாகச் சொன்னோம். மறுத்துவிட்டார். பிள்ளையின் உடம்பைக் கிழித்துத் தான் வாழ வேண்டியதில்லை என்றார். மார்க்கம் அனுமதிக்குமா என்ற தயக்கமும் இருந்தது. பள்ளிவாசல் இமாமிடம் அழைத்துப் போனோம். கண், இதய மாற்று சிகிச்சைக்கு நிபந்தனைகளோடு அனுமதி உண்டு என்று மலேசியத் தேசிய ஃபத்வா குழு 1970-லேயே முடிவு சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார். ஓர் உயிரைக் காக்க, கொடுப்பவருக்குக் கேடு இல்லாமல், விலை பேசாமல் கொடுப்பதில் தடை இல்லை என்று விளக்கினார். அப்போதும் அத்தா அசையவில்லை. கடைசியில் அவர் சொன்ன லீலாவதியின் கதையையே அவருக்குத் திருப்பிச் சொன்னோம். அன்று இரவு வெகுநேரம் பேசாமல் இருந்தார். சுபுஹு தொழுதுவிட்டு வந்து சம்மதம் சொன்னார்.

நாமும் சோதனைக்குப் போனோம். ரத்த வகை பொருந்தியது. ஆனால் நம் ரத்தத்திலேயே சீனி ஏறியிருந்தது. சிறுநீரில் புரதமும் லேசாகக் கசிந்தது. அப்போது நமக்கு முப்பத்திரண்டு வயது. எந்தத் தொல்லையும் இல்லை, ஓடியாடி வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். கொடுக்கத் தகுதி இல்லை என்று மருத்துவர் சொன்னார். அந்தச் செய்தியை அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று காரிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சொன்னதும் அவர் தனக்காக வருந்தவில்லை. நம் தே தாரிக் குவளையை எடுத்து அப்பால் வைத்தார். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்து, இறைவனிடம் போய்ச் சேர்ந்தார்.

அன்று பிடிபட்டதால் இன்று நம் சீனி கட்டுக்குள் இருக்கிறது. புரதக் கசிவும் நின்றிருக்கிறது. நாம் அத்தாவுக்குக் கொடுக்கப் போனோம். அந்தச் சோதனையால் நம் சிறுநீரகத்தைக் காத்துக் கொடுத்தவர் அத்தாதான்.

சங்கத்து உறவுகளிடம் கேட்பது

மலேசியாவில் இன்று 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இனிப்பு நீரே காரணம். 2023-ம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கிறது. நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு வரிசை நாற்காலியை எண்ணிப் பார்த்தால் போதும்.

எம்.ஜி.ஆருக்கு ஒரு மாநிலமே பிரார்த்தனை செய்தது. விமானம் வந்தது, அமெரிக்க மருத்துவமனை கிடைத்தது. நமக்கு அவ்வளவு வராது. அவ்வளவு வேண்டியதும் இல்லை. இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மூன்றைப் பார்த்தால் போதும். ரத்த அழுத்தம் ஒன்று, ரத்தத்தில் கிரியேட்டினின் ஒன்று, சிறுநீரில் புரதம் ஒன்று. அரசு கிளினிக்கில் சில வெள்ளிகளில் முடிந்துவிடும். மூட்டுவலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். உப்பையும் சீனியையும் குறைத்துக்கொள்வோம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். மற்றொன்று, உறுப்பு கொடுப்பது பற்றி வீட்டில் ஒரு முறையாவது பேசி வையுங்கள். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது பேசுவதற்கு நேரம் இருக்காது.

இந்தப் பொன்விழா ஆண்டில் சங்க மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசச் சோதனை முகாம் வைத்தால், அதற்கான செலவில் நம் பங்கைத் தரத் தயாராக இருக்கிறோம். முதல் நாற்காலியில் நாமே உட்கார்ந்து ரத்தம் கொடுப்போம். சங்கத்தின் நூற்றாண்டு மலரை இன்று நம் மத்தியில் ஓடியாடும் பிள்ளைகள் எழுதுவார்கள். அதைப் படிக்க நம்மில் பலரும் நலமோடு இருக்க வல்ல இறைவன் அருள்வானாக.